லூர்துவுக்கு வேண்டியிருந்த மூன்று ஷிப்ட்

கவிதா, பிரபு, இதை உங்கள் இரண்டு பேருக்கும் எழுதுகிறேன். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் "எங்கப்பா கப்பல்ல வேலை செய்றாரு" என்று சொல்லிவிட்டு வருவீர்கள். கேட்டவர்கள் நான் சிங்கப்பூர், துபாய் எல்லாம் பார்த்தவன் என்று நினைத்துக்கொண்டார்கள். முப்பத்தோரு வருஷம் கப்பல் மேல் ஏறி இறங்கியிருக்கிறேன். ஆனால் ஒரு தடவைகூட, கப்பல் நகரும்போது அதில் இருந்ததில்லை. கப்பல் கிளம்பினால் எங்கள் வேலை முடிந்தது என்று அர்த்தம்.

பிரபு இப்போது எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் ஷிப்ட் இன்சார்ஜ் ஆகியிருக்கிறான். அவனுக்குக் கீழே பன்னிரண்டு பேர். கவிதாவுக்கு ஆபீஸ் வேலை, இருந்தாலும் உன்னைச் சுற்றியும் ஆட்கள் இருக்கிறார்கள். அதனால் நான் செய்த ஒரு காரியத்தை முழுசாகச் சொல்லிவிடுவது நல்லது. லூர்து மாமா கொரோனாவில் இறந்தார் என்று உங்களுக்குத் தெரியும். அவருக்கு அது எப்படி வந்தது என்று நான் வீட்டில் சொன்னதில்லை.

1. எட்டுப் பேர்

முதலில் வேலையைச் சொல்கிறேன். கப்பல் மேல் கன்டெய்னர்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குவார்கள். கடலில் கப்பல் ஆடும்போது அவை சரியக்கூடாது. அதற்காக இரும்பு ராட் மாட்டி, டர்ன்பக்கிள் என்கிற திருகைப் போட்டு முறுக்கி, டெக்கோடு இழுத்துக் கட்டுவோம். வருகிற கப்பலில் கட்டை அவிழ்க்க வேண்டும், போகிற கப்பலில் கட்ட வேண்டும். இதற்குப் பெயர் லாஷிங். ராட் ஒன்று ஆள் உயரத்தைவிட நீளம். அதை ஒரே தூக்காகத் தூக்கி, தலைக்கு மேலே உள்ள ஓட்டையில் சரியாக மாட்ட வேண்டும். வெயிலில் அந்த இரும்பு கையுறையைத் தாண்டிச் சுடும்.

ஒரு கேங்குக்கு எட்டுப் பேர். மேஸ்திரி ஒருவன், சிக்னல் காட்டுகிறவன் ஒருவன், ராட் தூக்குகிறவர்கள் ஆறு பேர். ஏழு பேர்தான் வந்தோம் என்றால் "கேங் ஷார்ட்" என்று சொல்லி, அந்த ஷிப்டுக்கு வேறு கேங்கை ஏற்றிவிடுவார்கள். ஒரு ஆள் வராததற்கு மீதி ஏழு பேரும் வீடு திரும்ப வேண்டியதுதான். பாதுகாப்புக்காகப் போட்ட விதி, குறை சொல்ல முடியாது. எங்கள் கேங்குக்கு நான் மேஸ்திரி.

லூர்து ராயபுரத்துக்காரன். அவன் அப்பா ரயில்வேயில் இருந்தவர். எங்கள் எட்டுப் பேரில் ராட் மாட்டுவதில் அவனை மிஞ்ச ஆள் இல்லை. வாயும் அப்படித்தான், ஒரு நிமிஷம் சும்மா இருக்காது. கப்பல் கேப்டன் வந்து நின்றால்கூட, "இன்னா கேப்டனு, நாஸ்டா ஆச்சா?" என்று தமிழிலேயே கேட்பான். அவர்களும் ஏதோ புரிந்த மாதிரி தலையாட்டுவார்கள்.

ஒரு வருஷமாக முதுகு வலி என்று சொல்லிக்கொண்டிருந்தான். லாஷிங் ஆட்களில் முதுகு வலி இல்லாதவன் யார்? தைலம் தேய்த்துவிட்டு வேலை செய்தான். ஒரு நாள் ராட்டைத் தூக்கியவன் அப்படியே கீழே வைத்துவிட்டு டெக்கில் உட்கார்ந்துவிட்டான். முதுகெலும்பில் ஒன்று நொறுங்கியிருந்தது. ஏன் நொறுங்கியது என்று தேடிப் பார்த்ததில், எலும்புக்குள் இருக்கிற மஜ்ஜையில் புற்றுநோய் என்று தெரிந்தது. ரத்தப் புற்றிலேயே அது ஒரு வகையாம்.

நான்கு மாதம் கழித்து எழுந்து நடந்தான். வாரம் ஒரு ஊசி, தினம் மாத்திரை. எடை தூக்கவே கூடாது. நாங்கள் கூடிப் பேசி அவனை நிரந்தரமாக சிக்னலுக்கு வைத்துக்கொண்டோம். அதற்கு முன்பு சிக்னல் வேலையை முறை போட்டு மாற்றிக்கொள்வோம். கொஞ்சம் உட்கார முடிகிற வேலை அது ஒன்றுதான், அதை எல்லோரும் விட்டுக்கொடுத்தார்கள்.

கான்ட்ராக்டர் ஆபீஸ் மேனேஜர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். "ஏம்ப்பா, உடம்பு முடியாத ஆளை வச்சுக்கிட்டு கேங் ஓட்டுறியே, நாளைக்கு ஒன்னு ஆச்சுன்னா?"

எங்கள் கேங்கில் ராட் தூக்குகிற தேசிங்கு கூட வந்திருந்தான், அவன் முந்திக்கொண்டான். "சார், அவன் தூக்கப் போறது விசில் ஒன்னுதான் சார். அத்தயும் நாங்களே கயிறு கட்டி அவன் கழுத்துல மாட்டி வுட்றோம்."

மேனேஜர் சிரித்துவிட்டார். அவர் கெட்டவர் இல்லை. இதைப் பின்னாலும் சொல்வேன்.

லூர்து ஏன் வேலைக்கு வந்தே ஆக வேண்டும் என்று கேட்பீர்கள். சம்பளத்தில் பிடித்தம் செய்து கொடுக்கிற காப்பீட்டுக் கார்டில்தான் அவன் சிகிச்சை ஓடியது. அரை வருஷத்தில் இத்தனை நாள் ஹாஜர் இருந்தால்தான் அடுத்த அரை வருஷத்துக்குக் கார்டு செல்லும். அந்த ஊசியை வெளியில் விலை கொடுத்து வாங்க எங்களில் யாராலும் முடியாது. கேட்டில் பாஸைத் தேய்த்து உள்ளே போனால்தான் ஹாஜர், வராத ஆளுக்குப் போட வழியில்லை. ஆக உயிரோடு இருக்க அவனுக்கு மருந்து வேண்டும், மருந்துக்கு அவன் வேலைக்கு வர வேண்டும்.

2. டாக்டர் சொன்னது

கொரோனா வந்தபோதும் துறைமுகம் மூடவில்லை. முதல் அலையில் லூர்து படுக்கையில் இருந்ததால் தப்பித்தான். அது அடங்கின பிறகுதான் சிக்னலுக்கு வந்தான். ஒரு தடவை அவன் சம்சாரம் பிலோமினா முழங்கால் வீக்கத்தால் கூடப் போக முடியவில்லை என்று, அவன் ஊசிக்கு ஆஸ்பத்திரிக்கு அவனோடு நான் போனேன்.

டாக்டர் ஒரு அம்மா. நானே கேட்டேன், "இவனுக்கு கொரோனா வந்தா இன்னாம்மா ஆவும்?"

"நம்ம எல்லாருக்கும் வர்ற அதே கொரோனாதான் இவருக்கும் வரும். ஆனா அதை எதிர்த்து நிக்கிற சக்தி இவர் உடம்புல கம்மி. நோயும் அதைக் குறைக்குது, நாங்க குடுக்கற மருந்தும் குறைக்குது. கேன்சர் இருக்கறவங்களுக்குக் கொரோனா வந்தா உயிருக்கு ஆபத்து மத்தவங்களைவிட அதிகம். அதுலயும் ரத்தப் புற்று, அதுலயும் மருந்து ஏறிக்கிட்டிருக்கற நேரம்னா இன்னும் அதிகம். வந்தா முடிஞ்சதுன்னு நான் சொல்லல. தேறி வீட்டுக்குப் போனவங்க நிறைய பேர். ஆனா விளையாட்டு இல்ல."

லூர்து சும்மா இருப்பானா. "ஏம்மா, ஏற்கனவே ஒருத்தன் உள்ள பூந்து குந்திகினு கீறான். இன்னொருத்தனும் வந்தா எடம் பத்தாதுன்னு போய்ட மாட்டான்?"

டாக்டர் சிரிக்கவில்லை. "தடுப்பூசி வந்ததும் கண்டிப்பா போட்டுக்குங்க. ஆனா உங்களுக்கு அது மத்தவங்க அளவுக்கு வேலை செய்யும்னு உறுதியா சொல்ல முடியாது. அதனால உங்களைச் சுத்தி இருக்கறவங்கதான் ஒழுங்கா இருக்கணும்."

"அப்ப வேலைக்குப் போவாத இருந்துடட்டுமா?"

"போகாம இருந்தா நல்லதுதான். கார்டு போயிடும்கறீங்க. மருந்து நின்னா அது வேற ஆபத்து." பிறகு என்னைப் பார்த்தார். "நீங்கதான் மேஸ்திரியா?"

"ஆமாம்மா."

"ஜுரம், இருமல், தொண்டை வலி, எது இருந்தாலும் அந்த ஆள் அன்னைக்கு இவர் பக்கத்துல வரக்கூடாது. அதைப் பார்க்கறது உங்க பொறுப்பு. சரியா?"

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். அது எனக்கு நன்றாகப் புரிந்தது. புரியாமல் செய்தேன் என்று நினைத்துவிடாதீர்கள்.

3. துப்பாக்கி

கேட்டில் செக்யூரிட்டி நெற்றிக்கு நேராகத் துப்பாக்கி மாதிரி ஒன்றை நீட்டுவான். சூடு அதிகம் காட்டினால் திருப்பி அனுப்பிவிடுவான். ஆரம்பத்தில் நல்லாயிருக்கிற ஆட்களையே அது மடக்கியது. எர்ணாவூரிலிருந்து வெயிலில் சைக்கிள் மிதித்து வருகிறவன் நெற்றி சுடாமல் என்ன செய்யும்? அதனால் டீக்கடையில் நின்று, ஈரக் கைக்குட்டையை நெற்றியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஆறிவிட்டுப் போவோம். பிறகு யாரோ ஆளுக்கு ஒரு பாராசிட்டமால் போட்டுக்கொண்டு போகலாம் என்று ஆரம்பித்தார்கள். கொஞ்ச நாளில் எல்லா மேஸ்திரி பையிலும் ஒரு அட்டை இருந்தது. வெயில் சூட்டுக்கு என்று ஆரம்பித்தது, உண்மையான ஜுரத்துக்கும் ஆகிவிட்டது. ஒருவன் திரும்பினால் ஏழு பேர் திரும்ப வேண்டுமே.

டாக்டர் சொன்ன பிறகு என் கேங்கில் அதை நிறுத்தினேன். ஜுரம் என்றால் வராதே என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். இரண்டு தடவை ஆட்களைத் திருப்பி அனுப்பினேன். இரண்டு தடவையும் கேங் ஷார்ட். டீக்கடையில் பெரிய பேஜாராகிவிட்டது.

"ஒருத்தனுக்காவ ஏழு பேரு பட்டினி கெடக்கணுமா மேஸ்திரி?" என்று ஒருவன் கத்தினான்.

லூர்து பெஞ்சிலிருந்து எழுந்து நின்றான். "தோ பாருபா, அந்த ஒருத்தன் நான்தான். மேஸ்திரிய கேக்காத, என்ன கேளு. இன்னா, நான் போய்டட்டுமா?"

கத்தியவன் தலையைக் குனிந்துகொண்டான். அதோடு அந்தச் சண்டை ஓய்ந்தது. ஆனால் அந்த இரண்டு நாளும் லூர்துவுக்கும்தான் போயின. ஊசி போடுகிற நாட்கள் வேறு. அரை வருஷக் கணக்கு முடிகிற மார்ச் மாதக் கடைசியில் பார்த்தால் அவனுக்கு இன்னும் மூன்று ஷிப்ட் வேண்டியிருந்தது. மாதம் முடிவதற்குள் எங்கள் கேங்குக்கு வந்த கப்பல்களும் சரியாக மூன்று ஷிப்ட்தான். இரண்டாவது அலை அப்போதுதான் ஊருக்குள் நுழைந்துகொண்டிருந்தது.

4. மூன்று ஷிப்ட்

முதல் ஷிப்ட் அன்று காலை எழுந்தபோது எனக்கு உடம்பெல்லாம் வலி. தொட்டுப் பார்த்தால் ஜுரம்.

மாற்று மேஸ்திரிகள் இரண்டு பேர். ஒருவன் ஏற்கனவே ஆஸ்பத்திரியில், இன்னொருவன் வேறு கப்பலில். நான் போகாவிட்டால் கேங் ஏறாது. லூர்துவின் நாள் போய்விடும், அதோடு அவன் மருந்தும். என் கண்ணுக்கு அது மட்டும்தான் தெரிந்தது. இரண்டு மாத்திரை போட்டுக்கொண்டு, உங்கள் அம்மாவிடம்கூடச் சொல்லாமல் கிளம்பினேன். கேட்டில் துப்பாக்கி ஒன்றும் காட்டவில்லை.

கப்பல் நிற்கிற பெர்த்துக்குப் போகிற வேனில் லூர்து எப்போதும் போல என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். தள்ளி உட்கார்ந்தால் ஏன் என்று கேட்பான் என்று நான் நகரவில்லை. ஜன்னல் பக்கம் அவனை விட்டேன். அது போதும் என்று நினைத்தேன்.

"இன்னா மாமு, கண்ணு செவந்து கீது?"

"தூக்கம் இல்லபா."

"வூட்ல சண்டையா? அண்ணி வெளிய தள்ளிட்டாங்களா?"

"கம்முனு வா."

வேன் இரைச்சலில் பேச்சு கேட்காது என்பதால் இருவரும் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டுத்தான் பேசினோம்.

எங்கள் கேங்குக்கு ஒரே ஒரு வாக்கி டாக்கி செட். நானும் சிக்னல்காரனும் கை மாற்றிக் கை மாற்றிப் பேசுவோம். ஒவ்வொரு தடவை அவனிடம் கொடுக்கும் முன்பும் சானிடைசர் தெளித்து நன்றாகத் துடைத்தேன். மூன்று நாளும் தவறாமல் துடைத்தேன். அவ்வளவு கவனமாக இருக்கிறோம் என்று எனக்கே ஒரு திருப்தி. அந்தத் திருப்தியை நினைத்தால்தான் இப்போதும் கூசுகிறது.

மூன்றாம் நாள் ஷிப்ட் முடிந்து கேட்டில் பாஸைத் தேய்த்தவன், அதற்கு ஒரு முத்தம் கொடுத்தான். "முட்ச்சிட்டேன் மாமு. இன்னும் அரை வருசத்துக்கு எவனும் என்ன ஒன்னியும் கேக்க முடியாது."

மறுநாள் உங்கள் அம்மா நெத்திலிக் கருவாடு வறுத்தாள். எனக்கு வாசனையே தெரியவில்லை. டெஸ்ட் எடுத்தார்கள், பாசிட்டிவ். நீங்கள் இருவரும் முன் அறைக் கதவுக்கு வெளியே தட்டு வைத்துவிட்டு ஓடியது அப்போதுதான். லூர்துவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டச் சொன்னேன். எப்போதிலிருந்து ஜுரம் என்று சொல்லவில்லை.

"அடடே, உனக்குமா?" என்றான். "செரி, பட்து தூங்கு. நான் போய் காட்டிகிறேன்." பேசும்போதே இருமினான்.

நான் ஒன்பதாவது நாள் எழுந்து குளித்தேன். லூர்துவை அதற்குள் ஆக்சிஜனில் வைத்திருந்தார்கள். கார்டு செல்லுபடியாக இருந்தது, சிகிச்சையில் எந்தக் குறையும் வைக்கவில்லை. பதினோராவது நாள் இறந்துவிட்டான். உடலைச் சுற்றிக் கட்டித்தான் கொடுத்தார்கள். கல்லறைக்குள் நான்கைந்து பேருக்கு மேல் விடவில்லை. கேங் ஆட்கள் ரோட்டிலேயே நின்றோம்.

5. பிலோமினா

ஊரடங்கு தளர்ந்த பிறகு ஒரு காலையில் ராயபுரம் போனேன். பிலோமினா வாசல் பைப்பில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். குடம் பாதிதான் நிறைந்திருந்தது. நின்றபடியே சொன்னேன்.

"பிலோ, மொத நாளு காத்தாலயே எனக்கு ஜுரம். மாத்திர போட்டுகினுதான் வந்தேன். லூர்து கேட்டான், தூக்கம் இல்லன்னு பொய் சொன்னேன்."

அவள் குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவருக்குத் தெரியும்ணா."

"இன்னா தெரியும்?"

"செட்டு வாங்கக்குள்ள உன் கை நெருப்பா கொதிச்சுதாம். அன்னிக்கி சாய்ங்காலமே வந்து சொன்னாரு. நாளைக்கிப் போவாதன்னு நான் கத்துனேன். இன்னும் ரெண்டு நாள்தான பிலோ, மேஸ்திரி எனக்காவத்தான் ஜுரத்தோட வந்துகினு கீறாரு, நான் போவாட்டி அந்த மனுசன் மூஞ்சில எப்டி முழிப்பேன்னாரு."

குடத்தில் தண்ணீர் கழுத்து வரை ஏறியிருந்தது. பிலோமினாவே மேலே பேசினாள்.

"நீ அவருக்காவ வந்த. அவரு உனக்காவ வந்தாரு. ரெண்டு பேரும் நல்லவங்கதான், நான் இல்லன்னு சொல்லல. அத்த வச்சிகினு நான் இன்னாண்ணா பண்றது?"

தண்ணீர் நிறைந்து வழிந்தது. பைப்பை மூடினாள். "இந்தக் கொடத்த தூக்கி உள்ள வச்சிட்டுப் போ. எனக்குக் கால் வலி."

தூக்கி உள்ளே வைத்தேன். இன்னும் நான்கு குடம் இருந்தது. அதையும் நிரப்பி வைத்துவிட்டுத்தான் வந்தேன். கிளம்பும்போது மறுபடி வா என்று அவள் சொல்லவில்லை. இப்போதும் மாதம் ஒரு தடவை போகிறேன். டீ கொடுக்கிறாள்.

6. கேட்டிருக்கலாம்

வேலைக்குத் திரும்பிய பிறகு மேனேஜரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். "மூணு ஷிப்ட்தானேப்பா வேணும்? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேற கேங்ல சிக்னலுக்கு ஏத்தி விட்டிருப்பேனே. ஒரு போன் பண்ணியிருந்தா முடிஞ்சிருக்கும்" என்றார்.

அந்த யோசனை எனக்கு வரவே இல்லை. எங்கள் ஆளை இன்னொரு கேங்கிடம் கொடுத்து இவனைப் பார்த்துக்கொள் என்று கேட்பது, லாஷிங் ஆட்களிடம் இல்லாத பழக்கம். நம் ஆள், நாம்தான் காப்பாற்ற வேண்டும் என்று நினைப்போம். அதைப் பெருமையாகவும் நினைத்தோம். அந்தப் பெருமையில்தான் நான் போனே போடவில்லை.

பிரபு, உன் பன்னிரண்டு பேரில் யாருக்கு என்ன வியாதி என்று உனக்குத் தெரியாது. சொல்ல மாட்டார்கள். சொன்னால் வேலை போய்விடுமோ என்று பயப்படுவார்கள். புற்றுநோய்க்கு மருந்து எடுத்துக்கொண்டே வேலைக்கு வருகிறவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். நமக்கு மூன்று நாள் ஜுரமாக வந்து போவது அவர்களுக்கு அப்படிப் போகாது. அவர்கள் எவ்வளவு கவனமாக இருந்தாலும், பக்கத்தில் இருக்கிறவன் உண்மையைச் சொன்னால்தான் அந்தக் கவனத்துக்கு அர்த்தம். உன் ஆட்கள் ஜுரம் என்று பயமில்லாமல் சொல்கிற மாதிரி நீ நடந்துகொள். உனக்கு ஜுரம் என்றால் முதலில் நீ சொல். மேலே இருக்கிறவர்களிடம் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடு. நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்.

இன்னும் ஒன்று. நான் ரிட்டையர் ஆவதற்கு முந்தின வருஷம், மழைக்காலத்தில் ஒரு காலை, ஐந்து மணி இருக்கும். ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது தொண்டை கரகரவென்றது, உடம்பு லேசாகச் சுட்டது. கேட்டில் துப்பாக்கி எல்லாம் எப்போதோ போய்விட்டது. யாரும் கேட்கப்போவதில்லை. மாஸ்க் போட்டவனைப் பார்த்தால் சிரிக்கிற காலம். தேசிங்குவின் சம்சாரத்துக்கு மார்பில் கட்டி எடுத்து, மருந்து ஏறிக்கொண்டிருந்தது. நான் போகாவிட்டால் கேங் ஷார்ட், தேசிங்குவுக்கும் அன்று வேலை இல்லை. போனால் வேனில் அவன் என் பக்கத்தில் உட்காருவான், சாயங்காலம் அவளிடம் போவான். அது வெறும் சளிதான் என்று இரண்டு நாள் கழித்துத் தெரிந்தது. அன்று காலை தெரியாது.

நீங்கள் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். முதலில் மேனேஜருக்குப் போன் போட்டேன், பிறகு தேசிங்குவுக்கு. வைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தேன். ஒரு காலில் சேஃப்டி ஷூ போட்டு நாடாவும் கட்டியாகிவிட்டது, இன்னொரு கால் வெறும் கால். கட்டிய நாடாவை அவிழ்த்தேன். ஷூவைக் கழற்றி மற்றதோடு சேர்த்துச் சுவர் ஓரமாக வைத்துவிட்டு, முன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.